மூச்சோடு கூட வந்த கை

என் வீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் வலது கை மடங்கும். தும்மினால் அதே கை துள்ளிக்கொண்டு முகத்துக்கு வரும். யாராவது நல்ல ஜோக் சொன்னால் வாய் சிரிக்கிற அளவுக்குக் கையும் குலுங்கும். புதிதாகப் பழகுகிறவர்களிடம் இதைச் சொன்னால் நான் அளக்கிறேன் என்று நினைப்பார்கள். அளக்கிற ஆள்தான் நான், ஒத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் மட்டும் ஒரு பொட்டுகூடக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

அவர் பெயின்டர். படம் வரைகிறவர் இல்லை, சுவருக்கு அடிக்கிறவர். என் அண்ணன்தான் மேஸ்திரி. ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு வேலை எடுத்துச் செய்கிறவன். நான் பெயின்ட் கடையில் கலவை மெஷின் பார்க்கிறேன். வெள்ளை டப்பாவுக்குள் மெஷின் சொட்டுச் சொட்டாகச் சாயம் விடும். அதைக் குலுக்கி, மூடியைத் திறந்து, விரலால் தொட்டு அட்டையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நகக்கண்ணில் நிறம் இல்லாத ஆள் கிடையாது.

அண்ணனின் ஆட்கள் அவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் சுவரின் கீழ்ப்பாதிக்கு அழுத்தமான நிறமும் மேல்பாதிக்கு வெளிர் நிறமும் அடிப்பார்கள் அல்லவா, இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு வேண்டும். நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் ஒரு தடம் விழும். அந்தத் தடத்தை ஒட்டிச் சின்ன பிரஷ்ஷால் நிறத்தை இழுக்க வேண்டும். டேப் ஒட்டியும் செய்யலாம். பழைய சுவர் என்றால் டேப்புக்கு அடியில் பெயின்ட் கசிந்து, பிரித்ததும் பல்லை இளிக்கும். இவர் வெறுங்கையால் இழுப்பார். கையை நீட்டிப் பிரஷ்ஷை வைப்பார், மூச்சை நன்றாக இழுத்து நெஞ்சில் நிறுத்திக்கொள்வார், பிறகு பிரஷ் தன்பாட்டுக்கு உடம்பை நோக்கி வரும். மூச்சை விட்டு, ஒரு அடி நகர்ந்து, மறுபடி கையை நீட்டுவார்.

அவர் கோடு போடும்போது யாரும் பேசக் கூடாது, ஏணியை நகர்த்தக் கூடாது. அண்ணனே வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை டப்பா கொண்டுபோனபோது இதைப் பார்த்தேன். காலியான பெரிய ஹால். ஜன்னல் கதவெல்லாம் கழற்றி வைத்திருந்ததால் வெளிச்சம் தரை முழுக்கத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அந்த அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. அப்படித்தான் எனக்கு ஆரம்பித்தது, வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

ஒரு நாள் ஏணி வழுக்கியது. வலது தோள் தரையில் மோதி, தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டுவிட்டன. ரத்தம் இல்லை, முறிவு இல்லை. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாராம். கை மட்டும் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாக விளக்கினார். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி, கழுத்தில் பிரிந்து, கைக்குப் போகிற நரம்புகளில் மேலே இருக்கிற இரண்டும், வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் உத்தரவு கொண்டுபோகிறவை அவைதான். விரல்களுக்குப் போகிறவை அவற்றுக்குக் கீழே இருக்கின்றன, அவை தப்பித்துவிட்டன. அதனால் வேடிக்கையான ஒரு கை எங்களுக்கு மிஞ்சியது. டம்ளரைக் கொடுத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், வாய்க்குக் கொண்டுபோகத் தெரியாது. பிரஷ்ஷைக் கொடுத்தாலும் தொடை ஓரமாகத் தொங்கியபடி பிடித்துக்கொண்டே இருக்கும்.

"சதை செத்துப்போச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சதை நல்லாத்தாம்மா இருக்கு. அதுகிட்ட யாரும் எதுவும் சொல்றதில்ல, அவ்வளவுதான். ரொம்ப நாள் சொல்லாம விட்டுட்டா, அப்புறம் சொன்னாலும் கேக்காது."

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான் என்பதால் எனக்கு அது உடனே புரிந்தது.

பிடுங்கின வேரைத் திரும்ப நட முடியாதாம். வேறு எங்கிருந்தாவது நரம்பு கொண்டுவர வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவில், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டைத் தூக்குகிற சதைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நரம்பு. அவற்றில் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டாலும் மற்றவை சமாளித்துக்கொள்ளும். தோளுக்குக் கழுத்துப் பக்கத்திலிருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். முழங்கையை மடக்குகிற சதைக்கு இந்த மூச்சு நரம்புகளை அக்குள் வழியாகத் திருப்பிவிட்டுத் தைத்தார்கள். தைத்த இடத்திலிருந்து சதை வரைக்கும் நரம்பு தானே வளர்ந்து போக வேண்டும். முடி வளர்வதைவிடக் கொஞ்சம் வேகமாக வளரும் என்றார் டாக்டர். கொஞ்சம்தான்.

அந்த மாதங்களை இப்போது நினைத்தால் எல்லாமே மத்தியானமாக இருக்கிறது. கடையில் மத்தியான இடைவேளை நீளம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அவர் பக்கத்தில் கொஞ்சம் படுப்பேன். எங்கள் அறை ஜன்னலுக்கு மஞ்சள் திரை. வெயில் பட்டதும் அறை முழுக்க மஞ்சள் நிறைந்து, கட்டிலும் அலமாரியும் அதில் மிதக்கிற மாதிரி இருக்கும். மெஷினில் எத்தனையோ கலந்து பார்த்திருக்கிறேன், அந்த மஞ்சள் வந்ததில்லை. தலையணை மேல் கையை வைத்துக்கொண்டு அவர் படுத்திருப்பார்.

"இப்ப எங்க வந்திருக்கும்?" என்று கேட்பார்.

அக்குளுக்குக் கொஞ்சம் கீழே விரலை வைப்பேன். "இங்க."

"நேத்தும் இங்கதான் சொன்ன."

"நடந்துதானே வருது. பஸ் பிடிச்சா வரும்?"

சிரிப்பார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அண்ணன் அவருக்குத் தேய்ப்பு வேலை கொடுத்திருந்தான், இடது கையில் உப்புத்தாளைப் பிடித்துப் பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுக்கிற வேலை. கோட்டுக்காரர் தேய்ப்புக்காரர் ஆகிவிட்டார் என்று யாரோ சொன்னதை ஒரு நாள் காதில் வாங்கிக்கொண்டு வந்தார். என்ன யோசனை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றும், தூங்கிப்போவேன்.

அப்படி ஒரு மத்தியானம் அவர் அரைத்தூக்கத்தில் கொட்டாவி விட்டார். பெரிய கொட்டாவி. நெஞ்சு எழும்பியது. அதே நேரத்தில் மேல்கையில், தோலுக்கு அடியில், என்னவோ நெளிந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"ஏங்க, இன்னொரு கொட்டாவி விடுங்க."

"கேட்டா வருமா?"

"நான் விடறேன் பாருங்க. உங்களுக்கும் வந்துரும்."

வாயைப் பிளந்து ஒரு பொய்க் கொட்டாவி விட்டேன். அவருக்கு நிஜமாகவே வந்தது. சதை மறுபடி நெளிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் மாறி மாறிக் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தோம். கண்ணில் தண்ணீர் வழிந்தது. கொட்டாவி விட்டால் அப்படித்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி தருகிற அம்மா அவர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். நல்ல மனுஷி, வாய் ஓயாது. "மூளைக்கு இன்னும் விஷயம் தெரியாது சார். அந்த நரம்பு பழைய வேலையில்தான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, மூச்சு இழுன்னு சொல்லி அனுப்புது. சேதி போய்ச் சேர்ற இடம் மாறிப்போச்சு. அதனால இப்போதைக்கு மூச்சை நல்லா இழுங்க, கை எழும். சதை பலமாகட்டும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் இழுத்தார். நாள் போகப் போக, மூச்சை இழுத்தால் முன்கை படுக்கையை விட்டு எழுந்தது, விட்டால் இறங்கியது. தோளும் அதன் பங்குக்கு மெல்லத் தூக்கப் பழகியது. அவர் தூங்கும்போதுகூட லேசாக, ரொம்ப லேசாக, அந்தக் கை அசையும். மஞ்சள் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். என் மூச்சும் அந்தக் கணக்குக்கு வந்துவிடும். அறையும் திரையும் நாங்களும் ஒரே மூச்சில் எழுந்து இறங்குகிற மாதிரி இருக்கும். நான் விழித்திருக்கிறேனா தூங்கிவிட்டேனா என்று எனக்கே தெரியாத நேரம் அது.

இன்னொன்றும் நடந்தது. முழங்கைக்குக் கீழே ஓரிடத்தில் நான் விரலை வைத்தால் அவர் விலாவைத் தடவிக்கொள்வார்.

"இங்க தொட்ட மாதிரி இருக்கு."

"நான் கையைத்தானே தொட்டேன்."

"கைன்னு கண்ணுக்குத் தெரியுது. நெஞ்சுக்கு அப்படித் தெரியல."

கையில் கிச்சுக்கிச்சு மூட்டினால் விலாவில் கூசி, சிரித்து, சிரித்ததால் கை துள்ளி என்னையே அடிக்கும். ஒரு தடவை என் மூக்குக்கண்ணாடி பறந்தது. அந்த நாட்களில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். இதற்கு மேல் கை தேறாவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். அவரால் அப்படி நினைக்க முடியவில்லை, அவருக்குக் கோடு வேண்டும்.

அண்ணன் வந்து பேசினான். ஒரு நூலகத்தின் படிக்கிற ஹால், பழைய சுவர், பெரிய வேலை. "மாப்பிள்ளை, வந்து ஒரு சுவர் போட்டுப் பாருங்க. வந்துட்டா பழைய இடம் உங்களுக்குத்தான். வரலேன்னா வேற ஆளைப் போட்டுடறேன். நீங்க தேய்ப்பைப் பாத்துக்கிட்டு இருங்க. நான் கைவிட்டுடுவேனா?" அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பு இவருக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சமையலறைச் சுவர்தான் பலி. கடையில் தப்பாகக் கலந்துபோன டப்பாக்களை நான் வீட்டுக்கு எடுத்து வருவேன், அவர் நூல் அடித்துக் கோடு இழுப்பார். எல்லாக் கோடும் பாதி வரைக்கும் ஒழுங்காக வந்து, அதற்கப்புறம் வெடுக்கென்று மேலே ஏறும். கை அப்படியே மடங்கிப் பூட்டிக்கொள்ளும், இறக்க முடியாமல் நிற்பார். விடுமுறை நாளில் நான் மொத்தச் சுவரையும் அடித்து மூடுவேன். ஒரு வாரம் ஊதாச் சமையலறை, ஒரு வாரம் செங்கல் நிறம். பக்கத்து வீட்டுக்காரி எங்களுக்கு ஏதோ கோளாறு என்று முடிவே கட்டிவிட்டாள்.

பயிற்சியம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் பேனா ஒன்றைக் கொடுத்து, காற்றில் கோடு இழுக்கச் சொல்லி, தன் உள்ளங்கையை இவர் விலாவில் வைத்துப் பார்த்தார்.

"சார்! மூச்சைப் பிடிக்கறீங்களே!"

"கோடுன்னா பிடிக்கணும்மா. பிடிக்கலேன்னா கை ஆடும்."

"அது பழைய கை. இந்தக் கைக்கு விலா நரம்புதானே? மூச்சைப் பிடிச்சு நெஞ்சை இறுக்கினா, இறுக்குங்கற உத்தரவு கைக்கும் போகும். பூட்டிக்காம என்ன செய்யும்? மூளையில மூச்சுக்கு ஒரு இடம், கைக்கு ஒரு இடம். கைக்கான இடத்துல இருந்து இந்த நரம்புக்குப் புதுசா ஒரு பாதை விழணும். நடந்து நடந்துதான் விழும். நீங்க மறுபடி மறுபடி மூச்சு வழியாவே போறீங்க."

"மூச்சைப் பிடிக்காம எப்படிம்மா?"

"பேசுங்க. பேசும்போது மூச்சு அது பாட்டுக்குப் போய்க்கிட்டு வரும், அதை இறுக்க முடியாது. பேசிக்கிட்டே இழுங்க."

கோடு போடும்போது பேசின ஆட்களை வெளியே துரத்தின மனுஷனிடம் பேசிக்கொண்டே போடு என்றால் எப்படி இருக்கும்? துடைப்பத்தால் கோடு போடச் சொன்ன மாதிரி அந்த அம்மாவைப் பார்த்தார். வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

அவருக்குப் பேச வராது. வானிலையைப் பற்றி ஒரு வரி சொல்வார், அடுத்த வரிக்குள் மூச்சைப் பிடித்துவிடுவார். சுவரில் கோடு ஏறும். அதனால் நான் சண்டை போட ஆரம்பித்தேன். சண்டை என்றால் யாருக்கும் பேச்சு வரும். குழாயை ஏன் இறுக்கி மூடவில்லை, உங்கள் அக்கா ஏன் அப்படிச் சொன்னாள், ஈரத்துண்டை ஏன் கட்டிலில் போடுகிறீர்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பதில் கொடுப்பார். அக்கா விஷயம் என்றால் ஒரு முழம் கோடு நேராக வரும். துண்டுக்கு அரை முழம்தான். கிண்டலாகச் சொல்கிறேன், ஆனால் அவர் கோபமாகப் பேசிக்கொண்டிருக்க, அந்தக் கை தனியாக, அமைதியாக நகர்வதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். கையைக் கைவசம் பண்ணிக்கொள்ள ஒரு மனுஷன் அதை மறந்துபோக வேண்டியிருந்தது.

நூலகத்துக்கு நானும் போனேன், பச்சை டப்பாவைக் கொடுக்கிற சாக்கில். பெரிய ஹால், அலமாரிகளை நடுவில் தள்ளித் துணி போர்த்தியிருந்தார்கள். மேல்பாதி வெளிர் நிறம் காய்ந்திருந்தது. நூல் அடித்தாயிற்று. அண்ணன் பழைய மரியாதையில், "யாரும் பேசக் கூடாது, கோட்டுக்காரர் போடறார்" என்றான். ஆட்கள் அத்தனை பேரும் உப்புத்தாளையும் வாளியையும் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை.

அவர் கையை நீட்டிப் பிரஷ்ஷை வைத்தார். அந்த அமைதியில் அவரால் வேறென்ன செய்ய முடியும்? நெஞ்சு எழும்பி நின்றது. கை வெடுக்கென்று மடங்கியது. அண்ணன் ஈரத்துணியால் துடைத்துவிட்டான். மறுபடி வைத்தார். மறுபடி அதேதான். அண்ணன் அவர் தோளைத் தொட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி, "போதும் மாப்பிள்ளை" என்றான். எல்லாருக்கும் கேட்டது.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஏதாவது ஒரு சண்டையை இழுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அக்காவும் ஞாபகம் வரவில்லை, ஈரத்துண்டும் ஞாபகம் வரவில்லை. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, இந்தக் கை வராமலே போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஏய், பேசாத!" என்றான் அண்ணன்.

"நீ சும்மா இரு அண்ணா. சொல்லுங்க, என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் பிரஷ்ஷைச் சுவரில் வைத்தார். "என்ன பண்றது? போயிருப்பேன்."

"எங்க?"

"எங்கயாவது. உங்க அண்ணன் வீட்டுல நீ நல்லா இருந்திருப்ப. ஒரு கையை வச்சுக்கிட்டு உன் சம்பாத்தியத்துல உக்காந்திருக்கறதுக்கு..." பிரஷ் உடம்பை நோக்கி வந்தது. ஒரு அடி நகர்ந்தார். "பைகூட எடுத்து வச்சிருந்தேன். கட்டிலுக்கு அடியில இருந்தது."

சண்டை போடத்தான் கேட்டேன். இப்போது நான் நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார், நிறுத்தினால் மூச்சைப் பிடிப்பார். "அப்புறம் ஏன் போகல?" என்றேன்.

"கிளம்பினேன். மத்தியானம். நீ தூங்கிட்டிருந்த. உன் பக்கத்துல உக்காந்து சட்டைப் பட்டன் போட்டுக்கிட்டிருந்தேன், இடது கையால போட நேரம் ஆகும்ல." கையை நீட்டி, பிரஷ்ஷை விட்ட இடத்தில் வைத்து இழுத்தார். "அப்ப நீ புரண்டு படுத்த. இந்தக் கை பக்கத்துல கெடந்தது. அதை இழுத்து உன் கன்னத்துக்கு அடியில வச்சுக்கிட்ட. தூக்கத்துலதான்."

ஆட்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இவருக்கு அது காதில் விழவில்லை.

"எடுத்திருக்கலாம்ல?"

"எப்படி எடுக்கறது? அது தானா வராதே. இடது கையால பிடிச்சு உருவணும், உருவினா நீ முழிச்சுக்குவ. சரி, நீயா புரளட்டும்னு உக்காந்திருந்தேன். நீ புரளவே இல்ல. வெயில் இறங்கிடுச்சு. அப்புறம் நீ எழுந்து, ஏன் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு கேட்ட. ஒண்ணுமில்லன்னேன். நீ அந்தப் பக்கம் போனதும் பையைப் பிரிச்சு எல்லாத்தையும் அலமாரியில வச்சுட்டேன்."

சுவர் முடிந்துவிட்டது. மூலையில் பிரஷ் முட்டியதும் அவர் நிமிர்ந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கே அது புதிதாக இருந்தது. அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் சுவரில் படுகிற மாதிரி குனிந்து, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தான். ஆட்கள் ஓவென்று கத்தினார்கள்.

நான் கோட்டைப் பார்க்கவில்லை. அந்தக் கை அசைந்துவிடாதா என்று எத்தனை மத்தியானம் அதன் பக்கத்தில் படுத்து ஏங்கியிருக்கிறேன். அசைந்திருந்தால் அன்றைக்கு என் கன்னத்துக்கு அடியிலிருந்து அதை உருவிக்கொண்டு போயிருப்பார்.